செவிலியருக்குப் பஞ்சமில்லை, பணியிடத்துக்குத்தான் பஞ்சம்: தருமபுரி, கிருஷ்ணகிரி நிலவரம்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். இரவு பகலாகப் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்பது தமிழ்நாட்டில் பல வருடங்களாக இருந்துவரும் ஏற்பாடு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்தான் டூட்டியில் என்று வைத்துக்கொண்டாலும், ஆளுக்கு வாரம் 56 மணி நேரம் விழுகிறது. வார ஓய்வு, தற்செயல் விடுப்பு, பயிற்சி வகுப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு எதற்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. மூவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போய்விட்டால் மீதி இருவருக்கும் ஆளுக்கு 84 மணி நேரம்.

வாரம் 48 மணி நேரம் வேலை என்று வைத்து இதே 168-ஐ வகுத்தால் மூன்றரைப் பேர் வருகிறது. மருத்துவமனைகளுக்குச் செவிலியர் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் வரையறை. அதையும் சேர்த்தால் ஐந்து பேர் ஆகிறது. அஞ்செட்டியோ அரூரோ எந்த ஊராக இருந்தாலும் கணக்கு இதேதான். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் உள்ள அந்த இரண்டு பேரின் வேலையையும் இருக்கிற மூவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத்தான் எல்லோரும் 'செவிலியர் பற்றாக்குறை' என்கிறோம். இந்த இரண்டு மாவட்டங்களைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. நர்சிங் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களும், ஓசூரில் தனியார் மருத்துவமனைகளில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களும் இங்கே ஏராளம். பிள்ளையை நர்சிங் சேர்ப்பதற்காக நகையை அடகு வைத்த குடும்பங்களைப் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தேடிப்போக வேண்டியதில்லை. படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நிரந்தரமாக அமர்த்தும் பணியிடங்களைத்தான் அரசு உருவாக்கவில்லை. பற்றாக்குறை என்றதும் புதிய கல்லூரி திறப்பதுதான் தீர்வு என்று பேச்சு போய்விடுகிறது. அது தவறான திசை என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எல்லோரும் சொல்லும் எம்.ஆர்.பி., 2012-ல் வந்தது. 2015-ல் அதன் தேர்வை எழுதித் தேறிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரச் செவிலியருக்கான காலமுறை ஊதியத்துக்கு வந்துவிடலாம் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டம் வெடித்தது. தொகுப்பூதியம் பிறகு 14,000, 18,000 என்று ஏறியது. ஆனாலும் நிரந்தரச் செவிலியர் வாங்குவதில் அது பாதிகூட இல்லை. அதே வார்டு, அதே நைட் டூட்டி, அதே ஊசி.

அடுத்து கொரோனா வந்தது. 2020-ல் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. கவச உடைக்குள் வியர்த்துக் கொட்ட வேலை பார்த்தவர்கள் புத்தாண்டு அன்று தெருவில் உட்கார்ந்தார்கள். நலவாழ்வு மையங்களுக்கென்று இடைநிலை சுகாதாரச் செவிலியர் என்ற இன்னொரு பிரிவும் வந்தது. அதுவும் ஒப்பந்தம்தான், அதே 18,000 ரூபாய்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரிக்குப் பக்கத்தில் உள்ள சாமனப்பள்ளி கிராமத்தில். சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைப்பது நல்ல காரியம். ஐ.நா. விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் அந்த மாத்திரைப் பையைச் சுமக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்குத் தொடக்கத்தில் நிர்ணயித்தது மாதம் 4,500 ரூபாய். ஆக, ஒரே கிராமத்துக்கு நிரந்தரச் செவிலியர், ஒப்பந்தச் செவிலியர், இடைநிலைச் செவிலியர், தன்னார்வலர் என்று நான்கு விதமான ஆள், நான்கு விதமான சம்பளம். ஒரு கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் ஏறினால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போதுதான் இந்த அடுக்குகளின் பலவீனம் வெளியே வருகிறது. பொறுப்பு எப்போதும் ஒரே ஆளிடம்தான் வந்து விழுகிறது. அவர்தான் கிராம சுகாதாரச் செவிலியர், நம் ஊர்ப் பேச்சில் ஹெல்த் நர்ஸ்.

அவர் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையம் என்பது சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. மாநிலம் முழுக்க 8,700-க்கும் சற்று அதிகமாக உள்ளன. 2023-ல் எம்.ஆர்.பி. ஒரே அறிவிப்பில் 2,250 கிராம சுகாதாரச் செவிலியர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. ஏறக்குறைய நான்கு துணை நிலையத்துக்கு ஒரு இடம் நிரப்பப்படாமல் கிடந்தது என்றுதான் அதற்குப் பொருள். அந்த இடத்தின் வேலை மட்டும் காலியாக இருப்பதில்லை. பக்கத்து ஊர் செவிலியருக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு தாளில் போய்ச் சேரும். சம்பளம் கூடாது, தூரம் மட்டும் கூடும்.

ஹெல்த் நர்ஸின் வாரத்தைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். புதன்கிழமை தடுப்பூசி நாள். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருகுவதற்குள் இரண்டு மூன்று ஊர் முடிக்க வேண்டும். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போக வேண்டும்: பிரசவித்தவளின் தையல் ஆறியதா, குழந்தைக்கு எடை ஏறியதா, இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை பரணில் போட்டு வைத்திருக்கிறாளா. நடுவில் குடும்பநல அறுவைச் சிகிச்சைக்கு ஆள், டெங்கு வந்தால் காய்ச்சல் கணக்கு. எல்லாவற்றையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்யும் பிக்மி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதில் கிடைக்கும் எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க முடியாது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் சிக்கலாகிவிடும். சர்வர் பகலில் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் இரவு பதினொரு மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து பதிவேற்றுகிற செவிலியர் எத்தனையோ பேர். அந்த நேரம் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்க வேண்டுமென்றால் தமிழ் மட்டும் போதாது. ஒரு தெரு தெலுங்கு, அடுத்த தெரு கன்னடம். பெட்டமுகிலாளம், உரிகம் போன்ற மலைக்கிராமங்களுக்குப் போக ஸ்கூட்டி எடுத்தால் மாலை இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், யானை நடமாட்டம் உள்ள காடு. தருமபுரி மாவட்டத்தில் கோட்டூர், ஏரிமலை, அலக்கட்டு போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த கதைகள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டி நடந்து ஏறியவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதியதில்லை.

ஓசூரில் சிக்கல் வேறு மாதிரி. 2019-ல் மாநகராட்சி ஆன ஊர் அது. தொழிற்சாலைகளுக்காக ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள் வந்து வாடகை அறைகளில் தங்குகின்றன. ஆனால் 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்குக் கையில் உள்ள முழுமையான மக்கள்தொகைக் கணக்கு இன்னமும் 2011-ல் எடுத்ததுதான். அதன்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18,79,809 பேர். அதற்கப்புறம் சிப்காட்டைச் சுற்றி முளைத்த குடியிருப்புகளும் அங்கே பிறந்த குழந்தைகளும் இதில் இல்லை. ஏழாம் மாதத்தில் திடீரென்று வந்து நிற்கும் வெளிமாநிலப் பெண்ணை முதன்முதலாகப் பதிவு செய்து, முந்தைய ஸ்கேன் என்ன சொன்னது என்று சைகையில் கேட்டுத் தெரிந்துகொள்வது இங்கே அன்றாட வேலை.

இந்த இரு மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு பெரிய இக்கட்டும் இருக்கிறது. சற்று நிதானமாகவே பார்ப்போம்.

இளவயதுத் திருமணம் இங்கே இன்னும் ஓயவில்லை. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது மாநிலமே அதிர்ந்தது. எடைக்குறைவு, குறைமாதம், தாயின் இரத்தசோகை என்ற காரணங்களோடு இளவயதுத் திருமணமும் அப்போது பேசப்பட்டது. இப்போது ஒரு 17 வயதுப் பெண் கர்ப்பமாக இருப்பது ஹெல்த் நர்ஸுக்குத் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவர்மீதே வழக்கு வரலாம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. தெரிவித்தால் கணவன் கைதாவான், மாமியார் வீட்டார் மீது குழந்தைத் திருமணத் தடைச் சட்ட வழக்கு வரும். 'நீதான் போட்டுக்கொடுத்தாய்' என்று ஊரே அந்தச் செவிலியரைப் பார்க்கும். மறுநாளும் அதே தெருவில்தான் அவர் சொட்டு மருந்து கொடுக்கப் போக வேண்டும்.

குடும்பங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டன. பெண்ணை வெளியே காட்டுவதில்லை. கர்ப்பம் பதிவாவதில்லை. 19 வயது நிறைந்திருந்தால்தான் மகப்பேறு நிதியுதவி என்பதால் பதிவு செய்யப் பணமும் காரணமாக இருப்பதில்லை. ஆதாரில் வயதைத் திருத்தப் பார்ப்பார்கள், கர்நாடக எல்லை தாண்டி உறவினர் வீட்டுக்கு அனுப்புவார்கள், அல்லது வலி வந்த பிறகு நேராக மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். யாருக்கு அதிகக் கவனிப்புத் தேவையோ, அந்தப் பெண்ணுக்கு ஒன்பது மாதத்தில் ஒரு முறைகூட எச்.பி. (இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) பார்த்திருக்க மாட்டார்கள். கருக்கலைப்பு கேட்டு வரும் சிறுமிகளின் பெயரை, அவர்களும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தையைப் பெற்றுக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும், அவளைக் கவனிக்கிற ஹெல்த் நர்ஸுக்கும் அதில் வழி பிறக்கவில்லை.

சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற இந்தப் பகுதி பட்ட பாடு சாதாரணமல்ல. 2011-ல்கூடத் தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள்தான். கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் கும்பல்கள் இங்கே திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. கண்காணிப்பு வேண்டும். ஆனால் சிகிச்சை கொடுக்கும் கையும் புகார் எழுதும் கையும் ஒரே ஆளுடையதாக இருக்கக் கூடாது. புகார் தரும் பொறுப்பை ஊராட்சி ஒன்றிய அளவில் சமூகநலத் துறையோ குழந்தைகள் பாதுகாப்பு அலகோ ஏற்றுக்கொண்டு, செவிலியரை மருத்துவத்துக்கு மட்டும் பொறுப்பாக்கினால் மறைக்கப்படும் கர்ப்பங்களில் பலவும் வெளியே வரும் என்று நம்புகிறேன். அதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்தது பிரசவம் பார்க்கும் திறமை. நர்சிங் முடித்துப் பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் சான்றிதழில் செவிலியர் என்றும் மகப்பேறு செவிலியர் என்றும் இரண்டு தகுதியும் இருக்கும். நடைமுறையில் இரண்டாவது தகுதிக்கென்று தனிப் பதவி கிடையாது. இரண்டு வருடம் லேபர் வார்டில் கை பழகிய ஒருவரைச் சுழற்சி முறையில் எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஒரு குழந்தை பிறந்த முதல் நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். குழந்தையைத் துடைத்துச் சூடாக வைக்க வேண்டும், அழுகிறதா என்று பார்க்க வேண்டும். அழாவிட்டால் அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பையை முகத்தில் பொருத்தி மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். அதே நிமிடத்தில் தாய்க்கு ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போட வேண்டும். பிறகு நஞ்சுக்கொடி வெளியேறுவதைக் கவனித்து, வயிற்றில் கை வைத்துக் கருப்பை இறுகுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறுகாவிட்டால் இரத்தம் நிற்காது. நள்ளிரவில் சுகாதார நிலையத்தில் இருப்பதோ ஒரே செவிலியர், துணைக்கு ஒரு ஆயா. ஒரே ஆளின் இரண்டு கை இரண்டு உயிரைப் பார்க்க வேண்டும்.

ஏதாவது தவறிவிட்டால்? தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் தணிக்கை செய்யப்படுகிறது. மாநிலத்தின் தாய் இறப்பு விகிதம் 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 என்று இறங்கியதில் (நாட்டின் சராசரி 97) அந்தத் தணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கீழ்மட்டத்தில் அது மெமோவாக வந்து சேருகிறது. 'எட்டாம் மாதம் பி.பி. பார்த்தாயா, ஏன் முன்கூட்டியே அனுப்பவில்லை' என்ற கேள்வி முதலில் வருவது ஹெல்த் நர்ஸிடமும் ஸ்டாஃப் நர்ஸிடமும்தான். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தது ஏன் என்று மேலே யாரையும் கேட்பதில்லை. விளைவு: கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் 108-ஐ அழைத்து அனுப்பிவிடுவதுதான் பாதுகாப்பு. அனுப்ப அனுப்ப, சுகாதார நிலையத்தில் பிரசவம் குறைகிறது. குறையக் குறையக் கைப்பழக்கம் போகிறது. பழக்கம் போனவருக்கு அடுத்த முறை இன்னும் பயம்.

எல்லோரும் போய்ச் சேரும் இடம், அவசர மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைச் சிகிச்சைக்கான சீமாங் மையங்களும் இரண்டு மருத்துவக் கல்லூரிகளும். தருமபுரிக் கல்லூரி 2008-லிருந்து இருக்கிறது, கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளிக் கல்லூரி 2022-ல் திறந்தது. கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது நர்சிங் கவுன்சிலின் வரையறை. அங்கே உறவினரைப் பார்க்கப் போனவர்கள் இரவு வார்டில் எத்தனை செவிலியரைப் பார்த்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அத்தனை கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு எட்டு, பத்து மணி நேரம் பொறுமையாகப் பக்கத்தில் நின்று சுகப்பிரசவம் பார்க்க ஆள் எங்கே? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை. அரசு மருத்துவமனைகளிலேயே 36 சதவீதம், தனியாரில் 63.8. இதற்குப் பல காரணங்கள் உண்டு. வலி எடுத்தவளின் கூடவே நிற்பதற்கு ஆள் இல்லாததும் அதில் ஒன்று என்பதை லேபர் வார்டில் வேலை பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

2018 டிசம்பரில் மத்திய அரசு மகப்பேறு செவிலியர் சேவைக்கென வழிகாட்டுதலை வெளியிட்டது. நர்சிங் முடித்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, சிக்கல் இல்லாத பிரசவங்களை அவர்களே முன்னின்று பார்க்கும் தனிப் பிரிவுகளை அமைப்பது திட்டம். தெலங்கானா இதில் முன்னே போனது. உலக அளவில் நல்ல பயிற்சி பெற்ற மகப்பேறு செவிலியரின் சேவை எல்லோருக்கும் கிடைத்தால் தாய் மரணங்களில் 67 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனைகள் இப்படியொரு பிரிவுக்குப் பொருத்தமான இடங்கள். ஆனால் பயிற்சி முடித்தவரை மறுபடி சுழற்சியில் கண் வார்டுக்கு அனுப்புவதென்றால் 18 மாதம் வீண். தனிப் பதவியும் தனி ஊதிய நிலையும் முதலில் வர வேண்டும்.

இதற்கிடையில் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஓசூரிலிருந்து பேருந்து ஏறினால் பெங்களூருவின் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்துப் பெரிய மருத்துவமனைகள் தினமும் போய்வரும் தூரம்தான். இரண்டு வருடம் அங்கே அனுபவம் சேர்த்துக்கொண்டு அடுத்து வளைகுடா, பிரிட்டன், ஜெர்மனி. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே வெளிநாட்டுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்று, உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி அமைந்த மத்தியக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றுவிட்டது. அரசே 18,000 கொடுக்கும்போது தனியாரைக் கேட்பது யார்?

நீதிமன்றப் படியேறிக் கிடைத்ததும் உண்டு. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் ஒப்பந்தச் செவிலியருக்கும் பொருந்தும் என்று 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நிரந்தரப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021-லிருந்தே 12 மாத மகப்பேறு விடுப்பு இருக்கிறது. ஊர்ப் பெண்களின் பிரசவத்தைப் பார்க்கிறவர், தன் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு கேட்டு வழக்கு நடத்த வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2023-ல் வந்த தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் படிப்பின் தரம், தேர்வு, பதிவேடு ஆகியவற்றைச் சீராக்குவதற்கானது. சென்னை மாகாணத்தில் 1926-லேயே செவிலியர் பதிவுச் சட்டம் கொண்டுவந்த நமக்கு இதில் சொல்ல நிறைய அனுபவம் உண்டு. ஆனால் ஒரு சுகாதார நிலையத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும், என்ன சம்பளம் என்பதை அந்த ஆணையம் தீர்மானிக்காது. அது மாநில நிதித்துறை கையெழுத்திடும் பணியிட அரசாணையில்தான் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியதை அங்கேதான் கேட்க வேண்டும்: 24 மணி நேர நிலையத்துக்கு விடுப்புக்கும் சேர்த்து ஐந்து செவிலியர், ஓசூர் சுற்றுவட்டாரத்துக்குப் புதிய மக்கள்தொகைக் கணக்கு வரும்வரை காத்திருக்காமல், இப்போதே நடக்கும் பிரசவ எண்ணிக்கையை வைத்துத் துணை நிலையங்கள், மலைக்கிராமப் பணிக்குத் தனிப் படியும் தங்க வீடும், ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் முடித்தவரைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவர ஒரு தேதி. சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வரும் ஒவ்வொரு வருடமும் இந்த இரண்டு மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்டடம் கேட்கிறார்கள், ஸ்கேன் இயந்திரம் கேட்கிறார்கள். செவிலியர் பணியிடத்தை எண்ணிக்கையோடு, ஊர்ப் பெயரோடு கேட்டு வாங்க அவர்களிடம் மனு கொடுக்கலாம். கிராம சபையிலும் இதைத் தீர்மானமாகப் போடலாம்.